கடைசிப் பந்தியில் உட்கார்ந்த ஊர்கள்

செல்போன் கம்பெனியில் ஆர்.எஃப். எஞ்சினியர் என்று சொன்னால் எங்கள் விளவங்கோடு பக்கத்தில் பாதிப் பேர் டவரில் ஏறுகிற வேலை என்றே எடுத்துக்கொள்வார்கள். ஏறுகிறவர்கள் ரிக்கர்கள்; இடுப்பில் பெல்ட், கையில் ஸ்பேனர், எங்களைவிடத் தைரியசாலிகள். நாங்கள் கீழே நின்று, எந்த ஆன்டெனா எந்தத் திசையைப் பார்க்க வேண்டும், எவ்வளவு குனிய வேண்டும், எந்த எண்ணில் பேச வேண்டும் என்று எழுதிக் கொடுக்கிறவர்கள். திசையையும் குனிவையும் ரோட்டில் போகிற யாரும் பார்த்துவிடலாம். எண்ணைப் பார்க்க முடியாது. பேச்சு அறுந்து போகும்போதாவது அப்படி ஒன்று இருப்பது ஊருக்குத் தெரியுமா என்றால், அப்போதும் தெரியாது. "டவர் சரியில்லை" என்பார்கள். பாறசாலைக்காரர்களானால் "ரேஞ்சு இல்லை" என்பார்கள்.

2ஜி கொடிகட்டிப் பறந்த காலத்தில் கேரள வட்டத்தின், அதாவது கேரளத்துக்கான உரிமப் பகுதியின், தென்கோடி என் பொறுப்பில் இருந்தது. பாலராமபுரம் தாண்டி நெய்யாற்றின்கரை, அமரவிளை, உதியன்குளங்கரை, பாறசாலை, இஞ்சிவிளை. மலைப்பக்கம் வெள்ளறடை, பனச்சமூடு. கடல்பக்கம் பூவாறு, பொழியூர். இஞ்சிவிளையைத் தாண்டினால் களியக்காவிளை, அது தமிழ்நாடு. என் வீடு இந்தப் பக்கம், வேலை அந்தப் பக்கம். காலையில் எல்லை தாண்டி வேலைக்குப் போய்ச் சாயங்காலம் திரும்புகிற கொத்தனார்களும் ரப்பர் வெட்டுகிறவர்களும் நிறைந்த அதே பஸ்ஸில்தான் நானும் போனேன்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன், அது இல்லாமல் மற்றது விளங்காது. எங்கள் 2ஜி தொழில்நுட்பமான ஜி.எஸ்.எம்.-இல், 900 பட்டையில் போனிலிருந்து டவருக்குப் போவது 890 முதல் 915 மெகாஹெர்ட்ஸ் வரை. டவரிலிருந்து போனுக்கு வருவது 935 முதல் 960 வரை. இதை 200 கிலோஹெர்ட்ஸ் துண்டுகளாக நறுக்கினால் 124 அலைவரிசைகள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். நாங்கள் ஆர்க்ஃபன் என்போம். இந்த 124-உம் ஒரு கம்பெனிக்குக் கிடைக்காது. இந்தியாவில் உரிமத்தோடு தொடக்கத்தில் கிடைத்தது 4.4 மெகாஹெர்ட்ஸ், அதாவது 22 அலைவரிசை. சந்தாதாரர் பெருகிய பிறகு 6.2 என்று ஆனால் 31. ஒரு வட்டம் முழுக்க, ஆயிரக்கணக்கான செக்டர்களுக்கு (ஒரு டவர் பார்க்கும் ஒரு திசை ஒரு செக்டர்), இந்த 31-ஐத்தான் திரும்பத் திரும்பப் பங்கிட வேண்டும்.

ஓர் அலைவரிசையில் 8 நேரத் துண்டுகள். இரண்டு அலைவரிசை கொண்ட செக்டரில், அறிவிப்புக்கும் சிக்னலுக்கும் போக, பேச்சுக்கு 14 மிஞ்சும். நூறு அழைப்பில் இரண்டு மட்டும் "நெட்வொர்க் பிஸி" ஆகலாம் என்று ஒப்புக்கொண்டால், எர்லாங் அட்டவணைப்படி அந்த 14-இல் ஓடக்கூடியது 8.2 எர்லாங், அதாவது சராசரியாக ஒரே சமயத்தில் 8.2 பேச்சு. ஓர் ஆள் நெரிசல் நேரத்தில் சராசரியாக ஒன்றரை நிமிடம் பேசினால் சுமார் 330 பேருக்குப் போதும். நான்கு அலைவரிசை கொடுத்தால் பேச்சுக்கு 29; அதில் ஓடுவது 21 எர்லாங், 840 பேர். அலைவரிசையை இரட்டிப்பாக்கினால் தாங்கும் ஆட்கள் இரண்டரை மடங்கு. ஆகவே மேலிடத்திலிருந்து எப்போதும் ஒரே உத்தரவு வரும்: இன்னும் ஒன்று சேர், இன்னும் ஒன்று சேர். சேர்க்கலாம். சேர்த்த எண் பக்கத்தில் எங்கேயும் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

எவ்வளவு பக்கத்தில்? வேண்டிய அலை வேண்டாத அலையைவிட 9 டெசிபல் ஓங்கி இருந்தால்தான் ஜி.எஸ்.எம். போனுக்குப் பேச்சு புரியும். திட்டம் போடுகிறவர்கள் 12 என்று வைத்துக்கொள்வோம். ஒரு எண்ணைக் கொஞ்ச தூரம் தள்ளி மறுபடி பயன்படுத்தலாம் என்ற யோசனை பழையது. பெல் ஆய்வகத்தில் டி. எச். ரிங் 1947-இலேயே எழுதி வைத்தார். 1979-இல் மெக்டொனால்டு அதற்கு அறுகோணக் கட்டங்கள் போட்டு விளக்கினார். பொறியியல் கல்லூரியில் எல்லாரும் வரைகிற தேனடைப் படம் அது. நான்கு டவர், ஆளுக்கு மூன்று செக்டர், பன்னிரண்டு எண்கள். அது முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. தாளில் அழகாக இருக்கும். நெய்யாற்றின்கரைத் தாலுகாவில் அறுகோணம் எங்கே இருக்கிறது? செம்பாறை மேடு, அடுத்து வாழைத் தோட்டப் பள்ளம், அடுத்து ரப்பர் ஏற்றம், இடையில் நெய்யாறு. மேட்டில் வைத்த டவர் தன் அடியில் இருக்கும் பள்ளத்தைப் பார்க்காமல் பத்துக் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அடுத்த மேட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

அதனால் தேனடையை மறந்துவிட்டுக் கணிதக்காரர்களின் வழிக்குப் போக வேண்டும். ஒவ்வொரு செக்டரும் ஒரு புள்ளி. ஒன்றையொன்று கெடுக்கக்கூடிய இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஒரு கோடு. கோடு போட்ட இரண்டுக்கும் ஒரே நிறம் வரக்கூடாது. நிறம்தான் அலைவரிசை எண். நிலப்படத்துக்கு நான்கு நிறம் போதும் என்று 1976-இல் ஆப்பலும் ஹாக்கெனும் கணினியை வைத்து நிறுவினார்கள். எங்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. தொடாத ஊரும் கெடுக்கும். புள்ளிகள் கூடக்கூட மிகச் சிறந்த விடையை உறுதியாகக் கண்டுபிடிக்க எந்தக் கணினிக்கும் காலம் போதாது என்கிற வகைக் கணக்கு இது. ஜெர்மனியில் பெர்லினின் சூசே நிறுவனத்துக் கணிதக்காரர்கள் இ-பிளஸ் கம்பெனிக்காக இதிலேயே ஆண்டுக்கணக்கில் உழைத்தார்கள். ஐசன்பிளேட்டர் என்பவர் 2001-இல் முனைவர் பட்ட ஆய்வேடே எழுதினார். எங்களிடமும் மென்பொருள் இருந்தது. இரவு முழுக்க ஓடி விடியற்காலையில் ஒரு பட்டியலைத் துப்பும். அதை எக்செல்லில் போட்டு, மேப்இன்ஃபோவில் விரித்து, கண்ணால் ஒரு தடவை பார்த்துக் கைவைப்போம். அந்தக் கைவைப்பில்தான் சம்பளம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எண் பங்கீடு எங்கிருந்து தொடங்குகிறது? திருவனந்தபுரம் நகரத்திலிருந்து. தம்பானூர், பாளையம், கழக்கூட்டம் டெக்னோபார்க். அங்கே டவர்கள் நெருக்கம், பணம் அங்கே, மேலதிகாரியின் போனும் அங்கேதான். சுத்தமான எண்களை நகரம் எடுத்துக்கொள்ளும். பிறகு நெய்யாற்றின்கரை டவுன். பிறகு தேசிய நெடுஞ்சாலை. கடைசியாகப் பாறசாலை, இஞ்சிவிளை, பனச்சமூடு. அந்தப் பக்கம் தமிழ்நாட்டு வட்டத்திலும் இதே கதை: நாகர்கோவில் முதலில், பிறகு மார்த்தாண்டம், கடைசியாகக் களியக்காவிளை, பளுகல், கொல்லங்கோடு. பந்திக்கு முந்து என்பார்கள். எல்லை ஊர்கள் இரண்டு வீட்டுக் கல்யாணத்திலும் கடைசிப் பந்தி. இரண்டு பக்கத்து மிச்சமும் ஒரே இடத்தில் வந்து விழும்.

இந்த எல்லைக்கோடு வானொலி அலைக்காகப் போட்டதல்ல. 1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. அப்படிச் சேர்க்கச் சொல்லிப் போராடியவர்கள் கேட்டதில் நெய்யாற்றின்கரையும் இருந்தது. அது கேரளத்தோடு நின்றது. பிற்பாடு 1994 தொலைத்தொடர்புக் கொள்கையை ஒட்டி உரிமங்கள் கொடுத்தபோது, வட்டங்களின் எல்லையாகப் பெரும்பாலும் மாநில எல்லையையே எடுத்துக்கொண்டார்கள். கேரளத்தின் முதல் செல்போன் அழைப்பு 1996 செப்டம்பர் 17-இல் கொச்சியிலிருந்து போனது; பேசியவர் தகழி சிவசங்கரப் பிள்ளை. எஸ்கோடெல்லும் பி.பி.எல்லும் அங்கே தொடங்கின, இங்கே பி.பி.எல்லும் ஏர்செல்லும். கேரளத்தில் ஒருவருக்குக் கிடைத்த 900 துண்டு தமிழ்நாட்டில் இன்னொருவர் கையில் இருக்கும். ஒரே கம்பெனி இரண்டு பக்கமும் இருந்தாலும், இரண்டு உரிமம், இரண்டு குழு, சமயத்தில் இரண்டு வேறு நாட்டுக் கருவிகள். போனின் கண்ணுக்கும் அவை வேறு வேறு வலையமைப்புகள்: ஏர்டெல் என்றால் தமிழ்நாட்டில் 404-94, கேரளத்தில் 404-95.

இஞ்சிவிளையில் ஒரு செக்டர். புகார் மேல் புகார். ரோட்டோரம் மருந்துக்கடை வைத்திருக்கிற சேட்டன் சொன்னதை இன்றும் அப்படியே சொல்ல முடியும்: "ஃபுல் ரேஞ்சுண்டு, பக்ஷே ஒந்நும் கேக்குந்நில்லா." இதைவிடத் துல்லியமாக ஒரு எஞ்சினியராலும் சொல்ல முடியாது. சிக்னல் குறைவு என்றால் போன் திரையில் கட்டங்கள் குறையும். கட்டங்கள் நிறைந்திருந்தும் காது கேட்கவில்லையென்றால், அதே எண்ணில் வேறொருவன் பேசுகிறான் என்று அர்த்தம்.

ட்ரைவ் டெஸ்ட் என்பது ஒரு வாடகை இண்டிகா, மடியில் லேப்டாப், டாஷ்போர்டில் டெம்ஸ் மென்பொருள் ஏற்றிய சோனி எரிக்சன் போன், கூரையில் காந்தத்தால் ஒட்டிய ஜி.பி.எஸ். திரையில் இரண்டு எண்களைப் பார்ப்போம். சிக்னல் அளவு, தரம். தரம் 0 என்றால் சுத்தம், 7 என்றால் எட்டில் ஒரு பிட்டுக்கு மேல் கெட்டுப்போய்விட்டது. இஞ்சிவிளை வளைவில் சிக்னல் மைனஸ் 65, அமோகம். தரம் 6, 7, 6, 7. நூறு மீட்டர் பள்ளத்தில் இறங்கினால் சிக்னல் மைனஸ் 85-க்குப் போகும், தரம் 0. டிரைவர் அண்ணன் இதைப் பார்த்துப் பார்த்துப் பழகி, "சாரே, பள்ளத்துல நல்லாருக்கு, மேட்டுல தான கொழப்பம்" என்றார். அவருக்குச் சம்பளம் ஏற்றித் தர எனக்கு அதிகாரம் இல்லை.

மேட்டில் கெடுதல் என்றால் தூரத்து மேட்டிலிருந்து வருகிறது. யார் என்று கண்டுபிடிக்க ஒரே வழி, நம் வாயை மூடிக்கொண்டு கேட்பது. ராத்திரி மூன்று மணிக்குக் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட்டு, அந்த செக்டரை ஐந்து நிமிடம் லாக் செய்யச் சொன்னேன். எண்ணைச் சும்மா 71 என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் 71 அணைந்தது. ஸ்கேனரில் 71 அணையவில்லை. மைனஸ் 74-இல் இன்னொன்று நின்றது. ஒவ்வொரு செக்டரும் தன் எண்ணோடு ஓர் அடையாளக் குறியும் ஒலிபரப்பும், பி.எஸ்.ஐ.சி. என்பது பெயர். மொத்தம் 64 குறிகள்தான். அதில் முதல் இலக்கம், எல்லையில் இரண்டு வலையமைப்புகள் குழம்பாமல் இருக்கவே வைக்கப்பட்டது. ஸ்கேனர் அந்தக் குறியைப் படித்தது. எங்கள் பட்டியலில் தேடினால் 71-உம் அந்தக் குறியும் சேர்ந்த ஜோடியே அருகில் இல்லை. அந்தப் பக்கத்துப் பட்டியல் எங்களிடம் கிடையாது. அதைக் கேட்டு எழுதிய மின்னஞ்சலுக்கு அலுவலக வழியில் பதில் வரவில்லை. "வட்டங்களுக்கு இடையிலான தரவு" என்று ஒரு காரணம் சொன்னார்கள். ஒரே கம்பெனியின் இரண்டு வட்டங்கள் இவை, நினைவிருக்கட்டும்.

பிறகு நாகர்கோவில் பக்கம் இதே வேலை பார்த்த மூத்தவர் ஒருவரின் எண்ணை வாங்கி நேரடியாகக் கூப்பிட்டேன்.

"அண்ணே, உங்க எழுபத்தொண்ணு எங்க இஞ்சிவிளையில வந்து விழுது."

"எந்த சைட்டு தம்பி?"

குறியைச் சொன்னேன். அவர் தேடுகிற சத்தம் கேட்டது.

"ஆமா. மார்த்தாண்டத்துக்கு மேல ஒரு ரப்பர் மேடு. ஒனக்கு அது எப்பிடிலே எட்டுது?"

"மேட்டுக்கு மேடு எட்டுதுண்ணே. ரெண்டு டிகிரிதான் குனிஞ்சிருக்கு. ஆறு ஆக்குங்க."

"ஆறு ஆக்குனா மேட்டுக்கு அந்தப் பக்கம் பள்ளத்துல உள்ள வீடெல்லாம் போயிரும். அங்க ஒரு வார்டு மெம்பர் இருக்காரு. விடிஞ்சா மொத போன் எனக்குத்தான்."

"அப்ப நம்பரை மாத்துங்கண்ணே."

"மாத்தலாம். நீ எனக்கு என்ன தருவ?"

இதுதான் அலைவரிசை ஒதுக்கீடு. பாடப்புத்தகத்தில் இந்த வரி இல்லை. அவர் 71-ஐ விட்டால் அவருக்கு வேறொன்று வேண்டும். அவரிடம் காலியாக இருந்தது 66. அது எங்கள் தனுவச்சபுரத்துச் செக்டரில் ஓடிக்கொண்டிருந்தது. அதை நான் காலி செய்ய, தனுவச்சபுரத்துக்கு வேறொன்று தேட, அது அமரவிளையில் இடிக்க, அமரவிளையை மாற்ற என்று ஒரு எண் மாற்றத்துக்கு வரிசையாக நான்கைந்து செக்டர்கள் நகர்ந்தன. ஒவ்வொன்றையும் மாற்றினால் அதன் அக்கம்பக்கத்துச் செக்டர்களின் நெய்பர் பட்டியலிலும் புது எண்ணை ஏற்ற வேண்டும்; ஒன்று விட்டுப்போனால் பஸ்ஸில் பேசிக்கொண்டு போகிறவரின் அழைப்பு அந்த இடத்தில் செத்துவிடும். இரண்டு வட்டத்திலும் ஒரே இரவில், நள்ளிரவுக்கும் நான்குக்கும் இடையில் மாற்றினோம். காலை பஸ் ஓட்டத்தில் தரம் 0, 1. மருந்துக்கடைச் சேட்டன் ஒன்றும் சொல்லவில்லை. இந்தத் தொழிலில் பாராட்டு என்பது போன் வராமல் இருப்பது.

ரப்பரைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பக்கத்து அலையைப் பற்றிப் பேச முடியாது. மார்கழி, தை மாதங்களில் ரப்பர் மரம் இலையை முழுக்க உதிர்க்கும், மாசியில் துளிர்க்கும். இலை இல்லாத தோட்டத்தில் அலை தாராளமாக நுழைந்து போகும். இலை அடர்ந்து, மேலே மழைநீரும் நின்றால் அதே தோட்டம் சுவராகிவிடும். தை மாதத்தில் எடுத்த ட்ரைவ் டெஸ்டை வைத்துத் திட்டம் போட்டால், இல்லாத சண்டைக்கெல்லாம் பயந்து எண்களை வீணாக்குவோம். ஆனி மாதத்துச் சோதனையை வைத்துப் போட்டால், இலை உதிர்ந்ததும் ஊர் ஊராகக் கெடும். மென்பொருளில் "காடு" என்று ஒரே ஒரு வகைதான் இருந்தது. வருடத்துக்கு ஒருமுறை மொட்டையாகிற காடு என்று ஒரு வகை அதை எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை. நான் இலை உதிர்ந்த காலத்து அளவையே எல்லை செக்டர்களுக்கு எடுத்துக்கொண்டேன். கொஞ்சம் வீண்தான். ஆனால் வருடம் முழுக்கத் தாங்கும்.

கடல்பக்கம் வேறு கூத்து. பூவாறு, பொழியூர், அந்தப் பக்கம் நீரோடி, தூத்தூர். தண்ணீர்மேல் மரமும் இல்லை மேடும் இல்லை. அலை வழுக்கிக்கொண்டு போகும். போன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை ஜி.எஸ்.எம். டவர் 550 மீட்டர் படிகளில் அளக்கும். 63 படிகள், 35 கிலோமீட்டரோடு முடிந்தது. மூன்று கிலோமீட்டருக்கு என்று வைத்த கரையோரச் செக்டரில் முப்பதாவது படியிலிருந்தெல்லாம் அழைப்பு வரும், வள்ளத்திலிருந்து பேசுகிறவர்கள். கரையிலிருந்து விலகிப் போனவருக்கு விழிஞ்ஞமும் பொழியூரும் கொல்லங்கோடும் ஒரே சமயத்தில் தெரியும். நிலத்தில் ஒன்றையொன்று பார்க்காத மூன்று செக்டர்கள் கடலில் ஒரே போனில் சந்திக்கும். அதிகாரிகள், கடலில் பேசுகிறவர் எத்தனை பேர் என்று கேட்பார்கள். கடலில் போகிறவனுக்குத்தான் போன் அதிகம் வேண்டும் என்பது என் கட்சி. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது இந்தக் கரை பட்டது எல்லாருக்கும் தெரியும். ஆழ்கடலுக்குப் போனவர்களை எட்ட எந்த செல்போன் டவராலும் ஆகாது என்பதும் அப்போதுதான் பலருக்கு உறைத்தது.

எல்லாக் கெடுதலும் அண்டை வட்டத்தால் வந்தவை என்று சொன்னால் அநியாயம். சி.டி.எம்.ஏ. என்ற வேறொரு தொழில்நுட்பத்தின் டவர்கள் 869 முதல் 889 மெகாஹெர்ட்ஸ் வரை ஒலிபரப்பின. எங்கள் டவர்கள் கேட்பது 890-இல் தொடங்கும். வேலிக்கு அந்தப் பக்கம் மைக் செட் வைத்தால் இந்தப் பக்கம் ரகசியம் பேச முடியுமா? ஃபில்டர் போட்டுச் சமாளித்தோம். இன்னொன்று பூஸ்டர். கடைக்குள் டவர் எடுக்கவில்லை என்று வாங்கி மாட்டிவிடுவார்கள். அனுமதியில்லாமல் வைப்பது சட்டப்படி குற்றம் என்பதை விற்றவனும் சொல்லமாட்டான். அந்த ஒரு கடைக்கு நன்றாகக் கேட்கும். சுற்றிலும் ஒரு கிலோமீட்டருக்கு டவரின் காது அடைத்துவிடும்.

சரி, எல்லை ஊர்களின் குறை ஏன் மேலே எட்டவில்லை? தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2009-இல் கொண்டுவந்த தர விதிகளைப் படித்தால் புரியும். வட்டம் முழுமைக்கும் சராசரி அழைப்பு முறிவு 2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்றன அவை. மோசமான செக்டர்கள், அதாவது முறிவு 3 சதவீதத்தைத் தாண்டியவை, மொத்தத்தில் 3 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பதும் அப்போதைய விதி. இது 2011 ஏப்ரலிலிருந்து. நல்ல விதிதான். ஆனால் ஒரு வட்டத்தில் பத்தாயிரம் செக்டர் இருந்தால் முந்நூறு செக்டர் மோசமாக இருக்க அது இடம் கொடுத்தது. காசர்கோடு முதல் பாறசாலை வரையுள்ள எல்லைச் செக்டர்கள் பெரும்பாலும் அந்த முந்நூறுக்குள் சத்தமில்லாமல் அடங்கிவிட்டன. அறிக்கையில் எல்லாம் பச்சை. முறிந்த அழைப்புக்கு ஒரு ரூபாய் நஷ்டஈடு என்று 2016 ஜனவரியிலிருந்து ஒரு விதி வந்தது. மே மாதமே உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

அதன் மேல் ரோமிங். சொந்த வட்டத்தின் அலை அறுந்த நேரத்தில் களியக்காவிளை டவரின் சிக்னல் இஞ்சிவிளை வீட்டுத் திண்ணையில் ஓங்கி விழுந்தால், கேரள சிம் அதைப் பிடித்துக்கொள்ளும். சொந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, வருகிற போனுக்குக் காசு கொடுத்த அம்மச்சிகள் உண்டு. சொந்த வட்டம் மறுபடி கிடைத்தாலும் போன் உடனே திரும்பாது. சிம்மில் எழுதிய இடைவெளியில், ஆறு நிமிடப் படிகளில்தான் தேடிப்பார்க்கும். "மக்களே, நான் எங்கயும் போவல்ல, எதுக்குக் காசு எடுக்கான்?" என்று ஒரு பாட்டி கேட்டதற்கு, செட்டிங்கில் போய் நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடுக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தேன். 2013 ஜூலையிலும் 2015 மே மாதத்திலும் டிராய் ரோமிங் கட்டணங்களைக் குறைத்தது. 2017 வாக்கில் கம்பெனிகளே நாட்டுக்குள் ரோமிங்கைக் கைவிட்டன. அதுவரை இரண்டு சிம் போடும் போன் இந்த ஊர்களில் ஆடம்பரம் இல்லை, அரிசி பருப்பு.

எங்கள் பிரச்சினைக்குக் கணிதத்தில் விடை முன்பே இருந்தது. 1979-இல் டேனியல் பிரெலாஸ் என்பவர் புள்ளிகளுக்கு நிறம் பூச ஒரு வழி சொன்னார், டிசாட்டர் என்பார்கள். எந்தப் புள்ளியைச் சுற்றி ஏற்கெனவே அதிக வகை நிறங்கள் பூசப்பட்டுவிட்டனவோ, எதற்குத் தேர்வு மிகக் குறைவோ, அதை முதலில் பூசு. சுதந்திரமாக இருப்பது காத்திருக்கலாம். இதை நெய்யாற்றின்கரைக்குப் பொருத்திப் பாருங்கள். தேர்வு மிகக் குறைவாக உள்ள செக்டர் எது? இஞ்சிவிளை, பனச்சமூடு, ஊரம்பு. ஏனென்றால் அவற்றின் அண்டை வீடுகளில் பாதிக்கு வேறொரு வட்டத்துக்காரன் ஏற்கெனவே நிறம் பூசிவிட்டான். அதை நாம் அழிக்க முடியாது. ஆனால் மென்பொருளுக்கு அந்த அண்டை வீடுகள் தெரியவே தெரியாது. எங்கள் தரவில் வரைபடம் இஞ்சிவிளையோடு முடிந்துபோகிறது. அதன் கண்ணுக்கு எல்லைச் செக்டர் அக்கம்பக்கம் இல்லாத, மிகச் சுதந்திரமான செக்டர். ஆகவே கடைசியில் வைத்தது. கணக்கு சரி, கொடுத்த படம் பாதி.

எண்களையெல்லாம் புதிதாகப் பங்கிடும் அடுத்த பெரிய ரீட்யூன் வந்தபோது நானும் நாகர்கோவில் அண்ணனும் பட்டியல்களைப் பரிமாறிக்கொண்டோம். அவருடைய எல்லைச் செக்டர்களை எங்கள் மென்பொருளில் 'நகராதவை' என்று ஏற்றினேன். எங்களுடையதை அவர் ஏற்றினார். அறிவிப்பு எண்களுக்கு என்று வைத்திருந்த கூட்டத்தை இரண்டாகப் பிரித்து, எல்லையிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் இவை உங்களுக்கு, இவை எங்களுக்கு என்று பேசிக்கொண்டோம். அடையாளக் குறியின் முதல் இலக்கத்தையும் பிரித்துக்கொண்டோம். ஐரோப்பாவில் இது நாடுகளுக்கு நடுவே ஒப்பந்தமாகவே இருக்கிறது: எல்லையில் சில அலைவரிசைகளில் ஒரு நாட்டுக்கு முன்னுரிமை, சிலவற்றில் மற்றதற்கு, முன்னுரிமை இல்லாதவன் எல்லைக்கோட்டிலேயே அடக்கி வாசிக்க வேண்டும். நாங்கள் எந்த ஒப்பந்தமும் போடவில்லை. இரண்டு எக்செல் தாள், ஒரு போன். பிறகு திட்டத்தை இஞ்சிவிளையிலிருந்து தொடங்கி வடக்கே நகர்த்தினேன். நகரத்துக்குக் கடைசி இடம். நகரத்துக் குழு முறைத்தது. ஆனால் நகரத்தில் டவர்கள் தாழ்வு, கட்டடங்கள் மறைக்கும், ஆன்டெனாவை நன்றாகக் குனிய வைக்கலாம், பேச்சு அலைவரிசைகளை விநாடிக்கு 217 முறை தாவவிட்டுக் கெடுதலைச் சிதறடிக்கலாம்; அங்கே தப்பிக்க வழிகள் பல. மேட்டுக்கு மேடு பார்த்துக்கொள்ளும் எல்லையில் அந்த வழிகள் குறைவு. முடிவில் நகரத்தின் தரம் கீழே போகவில்லை. எல்லையின் தரம் ஏறியது. அதே 31 எண்கள்தான்.

அந்தக் கலை இப்போது ஏறக்குறைய முடிந்துவிட்டது. 4ஜியில் எல்லா டவரும் ஒரே அலைவரிசையில் பேசுகிறது. எண் பங்கீடு இல்லை என்று கல்லூரியில் சொல்லிக்கொடுக்கிறார்கள். பாதி உண்மை. எண்ணுக்குப் பதில் பி.சி.ஐ. என்ற செக்டர் அடையாள எண் வந்திருக்கிறது, 4ஜிக்கு 504, 5ஜிக்கு 1008. ஒன்றையொன்று பார்க்கும் இரண்டு செக்டருக்கு ஒரே பி.சி.ஐ. வந்தால் போன் குழம்பும். மூன்றால் வகுத்து ஒரே மீதி வந்தாலும் 4ஜியில் தரம் கெடும். கையில் இருக்கும் எண்கள் கூடியிருக்கின்றன. ஆனால் அந்த மீதி மூன்றே வகை. ஏலத்தில் வட்டத்துக்கு வட்டம் வேறு இடத்தில் பட்டை கிடைத்திருந்தால், எல்லையில் ஒருவரின் அலை இன்னொருவரின் பட்டையில் பாதி ஏறி நிற்கும். தானியங்கி மென்பொருள் இப்போது கெட்டிக்காரத்தனமாக ஒதுக்குகிறது. அதற்கும் அண்டை வட்டத்துப் படத்தை யாராவது கொடுத்தால்தான் தெரியும்.

எல்லையில் வசிக்கிறவர்களுக்கு ஒன்று: புகார் கொடுக்கும்போது "டவர் இல்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். கட்டம் நிறைந்திருக்கிறதா, எந்த மேட்டில், எந்த வளைவில், எந்த மாதத்தில் என்று சொல்லுங்கள். புதிதாக இந்த வேலைக்கு வருகிற தம்பி தங்கைகளுக்கு: திருவனந்தபுரத்தில் திட்டம் போட உட்காரும் முன் நாகர்கோவிலுக்கு ஒரு போன் போட்டு அவர்கள் பட்டியலை வாங்குங்கள். முதல் பி.சி.ஐ.யை இஞ்சிவிளைக்கு ஒதுக்குங்கள்.